ஆர்பிஎம் முள்ளும் என் காதும்

ரிஸ்வான் நானா பைக்கைப் பட்டறை வாசலில் நிறுத்தினார். இன்ஜினை நிறுத்தவில்லை. கைப்பிடிகளுக்கு நடுவே இருந்த இரண்டு வட்ட மீட்டர்களில் வலது பக்கத்து மீட்டரை நகத்தால் தட்டிக் காட்டினார்.

"பாருங்க பாஸ். பேய் புடிச்ச மாதிரி ஆடுது."

தூறல் விட்டிருந்த நேரம். மீட்டர் கண்ணாடியில் பொடிப்பொடியாகத் தண்ணீர் நின்றது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வண்டி சும்மா நிற்கும்போது ஆர்பிஎம் முள் ஆயிரத்துச் சொச்சத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இது ஆறாயிரத்துக்குத் தாவியது. பூச்சியத்தில் விழுந்தது. பிறகு நான்காயிரத்தில் நின்று, குளிரில் நிற்கிறவன் விரல் மாதிரி நடுங்கியது.

பழைய ஜப்பான் வண்டி அது. இரண்டு சிலிண்டர். எனக்குக் கலியாணம் ஆவதற்கு முன்பு செய்தது. மடவளையில் சாரம், துணிமணி வியாபாரம் செய்யும் நானா, பின் சீட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வத்துகாமம், பன்வில என்று மேட்டு வீதிகளில் ஏறி இறங்குவார். அறுபது வயதைத் தாண்டியவர். காது மந்தம். அதை அவர் யாரிடமும் ஒளித்ததில்லை.

"மத்தவன் சத்தத்தக் கேட்டு கியர் மாத்துவான். நான் இந்த முள்ளப் பாத்துதான் மாத்துற. முள்ளு போனா எனக்கு வண்டியே போன மாதிரி."

"பாப்போம் நானா. விட்டுட்டுப் போங்க."

"இன்னொண்ணும் இரிக்கி. நேத்து எங்கட மகள் பின்னால இருந்து வந்தா. டிக் டிக்னு ஒரு சத்தம் வருதுன்னு சொல்றா. எனக்கு எங்க கேக்க? நீங்க கேட்டு சொல்லுங்க. உங்கட காது தானே."

நான் குனிந்தேன். தலையைச் சாய்த்து, காதை இன்ஜினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடினேன். கேட்கும்போது நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். நானா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்.

எனக்கு எந்த டிக் டிக்கும் கேட்கவில்லை.

நிமிர்ந்து, "அது டெப்பட் சத்தம் நானா. பழைய வண்டிக்கு இருக்கும். பயமில்ல" என்றேன்.

## ஒரே சொத்து

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றது. கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகும் வீதியில் தகரம் போட்ட ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் மட்டும்தான் பார்ப்பேன்.

எனக்குப் பேச்சு வராது. பேசும்போது ஆட்களின் முகத்தைப் பார்க்க மாட்டேன். சில மெக்கானிக் பாஸ்மார் வாய்ச் சாமர்த்தியத்திலேயே பட்டறையை நிரப்பி வைத்திருப்பார்கள். எனக்கு அது இல்லை. எனக்கு இருந்தது காது.

இன்ஜின் ஓடும்போது அதற்குள் ஏழெட்டுச் சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாக வந்தது. செயின் தளர்ந்த சத்தம், பெயாரிங் தேய்ந்த சத்தம், காற்று ஒழுகும் சத்தம் எல்லாம் எனக்கு வேறு வேறு ஆட்களின் குரல் மாதிரி.

ஒரு தபால்காரர். அவருடைய வண்டியை மூன்று பட்டறைகளில் கழற்றிப் பூட்டியும் ஒரு கிணுகிணுப்புப் போகவில்லை. நான் எதிர்ப்பக்கத்துத் தேநீர்க் கடையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் வீதியில் போனார். திரும்பி வரும்போது கையைக் காட்டி நிறுத்தி, "சைலன்சர் தகட்டுல ஒரு நட் இல்ல" என்றேன். அவ்வளவுதான். அவர் போகிற தபாலோடு என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே போனார்.

பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான். வசந்தியின் வீட்டில் ஒரு மணி நேரம் கதிரையில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே அவளுடைய அப்பா யாரையோ அனுப்பிவைக்க பைக்கை ஸ்டார்ட் பண்ணினார். "செயின் தளந்திருக்கு மாமா, உள் செயின்" என்றேன். அந்த வீட்டில் அன்று நான் பேசிய ஒரே வசனம்.

வசந்தி இன்றைக்கும் சொல்வாள். "என்னயப் பாக்க வந்தாரா, பைக்க கேக்க வந்தாரான்னு எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் வெளங்கல."

மற்றவர்களுக்குப் படிப்பு இருந்தது, காணி இருந்தது, சொந்தக்காரர்கள் இருந்தார்கள். எனக்கு இது ஒன்றுதான் இருந்தது. இது போனால் நான் நட்டு முடுக்குகிற இன்னொரு ஆள். அது எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

## சில்வண்டு

நாலைந்து வருடம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது வசந்தியிடம், "ஏன் இந்த வருசம் சில்வண்டு இப்பிடிக் கத்துது?" என்று கேட்டேன்.

அவள் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "எங்க கத்துது?"

அதற்குப் பிறகு அவளிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சில்வண்டும் நிற்கவில்லை. இரவு பகல், மழை வெயில் எதுவும் அதற்கு இல்லை. இதை எழுதும்போதும் இரண்டு காதுக்குள்ளும் கத்திக்கொண்டிருக்கிறது.

தகரக் கூரைக்குக் கீழே சைலன்சரைக் கழற்றிவிட்டு இன்ஜினை அலறவைத்து வேலை செய்தவன் நான். கிரைண்டர் பிடிக்கும்போது காதில் பஞ்சு வைத்ததில்லை. பஞ்சு வைத்தால் இன்ஜின் கேட்காதே என்று நினைத்தேன்.

மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின. பெரிய சத்தங்கள் இருந்தன. அதனால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. ஆட்கள் பேசினால் வாயைப் பார்த்துக்கொள்வேன். நான் கூச்சக்காரன், முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் நான் முகத்தைப் பார்க்கத் தொடங்கியதும், இவனுக்கு வயது போகப் போகத் தைரியம் வந்துவிட்டது என்று சொன்னார்கள்.

பட்டறையில் நீளமான ஸ்குரூ ட்ரைவர் ஒன்று வைத்திருந்தேன். நுனியை இன்ஜினில் ஊன்றிப் பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்தால் உள்ளே நடப்பது எலும்பு வழியாக வரும். அதை முன்பு எப்போதாவதுதான் எடுப்பேன். பிறகு எல்லா வண்டிக்கும் எடுத்தேன். டாக்டர் மாதிரி வைத்துப் பார்க்கிறார் என்று ஆட்களுக்கு இன்னும் மதிப்புக் கூடியது.

அப்படியும் ஒன்றும் கேட்காவிட்டால் சொல்வதற்கு ஒரு சொல் இருந்தது. டெப்பட், இன்ஜினுக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் சின்ன இரும்பு. பழைய வண்டி எதற்கும் டெப்பட் சத்தம் கொஞ்சம் இருக்கும். அந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். நானாவுக்கு அன்று நான் சொன்னது அந்தச் சொல்.

## மூன்று வயர்

முந்திய வண்டிகளில் ஆர்பிஎம் முள்ளை இன்ஜினிலிருந்து வரும் ஒரு கேபிள் சுற்றும். கேபிள் அறுந்தால் முள் விழும், மாற்றினால் எழும்பும். நானாவின் வண்டியில் கேபிள் இல்லை. ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலிலிருந்து ஒரு மெல்லிய வயர் மீட்டருக்குப் போகிறது. ப்ளக்கில் பொறி விழும் ஒவ்வொரு தடவையும் அந்த வயர் வழியாக ஒரு தட்டு வரும். மீட்டர் தட்டுகளை எண்ணி முள்ளை நகர்த்தும்.

ஆக மூன்று வயர். ஒன்று மின்சாரம், ஒன்று எர்த், ஒன்று தட்டு. புத்தகத்தில் ஆங்கிலத்தில் படம் இருக்கும். எனக்கு நிறத்தை வைத்துத்தான் தெரியும்.

முதலில் மின்சாரம். டெஸ்ட் லேம்பை வைத்தேன், பிரகாசமாக எரிந்தது. பெற்றரியையும் சார்ஜையும் அளந்து பார்த்தேன், குறையில்லை.

அடுத்தது எர்த். பழைய வண்டிகளில் பாதி நோய் எர்த்தில்தான். மீட்டரின் கறுப்பு வயர் சட்டத்தில் பூட்டியிருந்த இடம் பச்சை பிடித்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, போதாதென்று மீட்டரிலிருந்து பெற்றரிக்கு நேராக ஒரு புது எர்த்தும் இழுத்தேன். ஸ்டார்ட் பண்ணினேன். முள் ஆயிரத்து இருநூறில் அசையாமல் நின்றது.

அன்று நல்ல வெயில். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

நானா வந்து பார்த்துச் சந்தோசப்பட்டார். "உங்கட கையில ஏதோ இரிக்கி பாஸ்" என்றார். மூன்றாம் நாள் மழையோடு திரும்பி வந்தார். முள் பழையபடி தாவிக்கொண்டிருந்தது.

கனெக்டரை மாற்றினேன். காயிலிலிருந்து மீட்டருக்குப் புது வயர் ஓட்டினேன். சாவிச் சுவிட்சைக் கழற்றிக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் வெயில் என்றால் நின்றது, ஈரம் பட்டால் ஆடியது. ஸ்குரூ ட்ரைவரை எடுத்து இன்ஜினில் எல்லா இடத்திலும் ஊன்றிக் கேட்டேன். இன்ஜின் உள்ளே சுத்தமாக ஓடியது. அது எனக்குக் கேட்டது.

என் காது பழையபடி இருந்திருந்தால் முதல் நாளே, வண்டி வாசலுக்கு வரும்போதே முடிந்திருக்கும் விசயம். அது எனக்கு அப்போது தெரியாது.

## மூடியைத் திறந்தேன்

வெளியே எல்லாம் சரியென்றால் பிழை மீட்டருக்குள்தான். அப்படித்தான் முடிவு செய்தேன். இன்னொரு மீட்டரைப் பூட்டிப் பார்த்திருக்கலாம். அந்த வண்டிக்குரிய மீட்டர் கண்டியில் எந்தக் கடையிலும் இல்லை. இறக்குமதி நின்று சாமான் வராத காலம் போய்விட்டாலும், இவ்வளவு பழைய வண்டிக்கு யார் சாமான் கொண்டுவரப் போகிறார்கள்?

மீட்டரின் கண்ணாடியை ஒரு தகட்டு வளையம் சுற்றி மடித்துப் பிடித்திருக்கும். கழற்றுவதற்காகச் செய்ததல்ல அது. சின்ன ஸ்குரூ ட்ரைவரால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி ஒரு காலை நேரம் முழுக்க எடுத்துத் திறந்தேன். உள்ளே சின்னப் பலகை. ஈயம் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகச் சூடு காட்டினேன். முள்ளுக்குக் கீழே தலைமயிர் மாதிரி ஒரு சுருள் கம்பி. முள்ளைத் திரும்ப வைத்து அழுத்தியபோது அந்தக் கம்பி அறுந்தது.

அறுந்த சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. முள் சாய்ந்து கிடந்ததைக் கண்ட பிறகுதான் தெரிந்தது.

நானாவுக்குப் போன் பண்ணி, "மீட்டர் செத்துப்போச்சு நானா" என்றேன். நான் கொன்றேன் என்று சொல்லவில்லை.

"என்ன செய்ய. வேற ஒண்ணு தேடுங்க" என்றார். குறை சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. மீட்டர் இருந்த இடத்தில் ஓட்டையோடு வண்டியைக் கொண்டுபோனார்.

அந்தக் கிழமையே பன்வில மேட்டில் இரண்டாம் கியரிலேயே ஏறியிருக்கிறார். இன்ஜின் கதறியிருக்கும். அவருக்குத் தெரியவில்லை. சூடேறிப் பாதி வழியில் நின்றுவிட்டது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியைக் கீழே வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். மறுநாள் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். "ரோட்டுல போறவன் எல்லாம் கைய ஆட்டினான் பாஸ். நானும் சலாம் சொல்லுறானுவன்னு நெனச்சி கைய ஆட்டிக்கிட்டே போனேன்."

நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது.

## கலகெதரயில் கிடைத்தது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கலகெதரக்குப் போனேன். அங்கே பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒரு சிங்கள மனிதர் இருக்கிறார். குவியலுக்குள் அதே மாதிரி வண்டியின் முன்பக்கம் கிடந்தது. மீட்டரைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து, "ஹொந்தய் பாஸ், ஹொந்தய்" என்றார். நல்லதுதான் என்று நானும் நம்பினேன். வரும் வழியெல்லாம் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை நானா வந்தார். தூறிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பூட்டி மூன்று வயரையும் கொடுத்தேன். அந்த நேரம் வசந்தி குடையோடு வந்தாள். அவள் வீட்டில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறாள். கட்டுகஸ்தோட்டைக்கு நூல் வாங்க வந்தால் எனக்குச் சாப்பாட்டையும் கொண்டுவந்துவிடுவாள்.

"ஆ, தங்கச்சி. சரியான நேரத்துக்கு வந்தீங்க. இண்டைக்கி முள்ளு எழும்பப் போகுது" என்றார் நானா.

ஸ்டார்ட் பண்ணினேன். கலகெதர மீட்டரின் முள் எழும்பியது. ஆறாயிரத்துக்குத் தாவியது. பூச்சியத்தில் விழுந்தது. நான்காயிரத்தில் நின்று நடுங்கியது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியென்றால் முதல் மீட்டரில் ஒன்றுமில்லை. நல்ல மீட்டரைத்தான் நான் திறந்து உடைத்திருக்கிறேன். இருக்கையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

வசந்தி சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"என்னாங்க இது, டிக் டிக்னு? மணிக்கூடா?"

நான் அவளுடைய வாயைப் பார்த்தேன்.

"எங்க?" என்றேன்.

"இங்கதான். இவ்வளவு சத்தமா கேக்குதே." குனிந்து, பெற்றோல் டாங்கிக்குக் கீழே விரலை நீட்டினாள். "இந்தா, இந்தக் கறுப்பு மூடிகிட்ட."

அவள் காட்டியது இடது சிலிண்டரின் ப்ளக் கெப். நான் போய்க் குனிந்தேன். இன்ஜினின் பெரிய சத்தம் கேட்டது. என் சில்வண்டு கேட்டது. வேறொன்றும் இல்லை. ஸ்குரூ ட்ரைவரின் நுனியை மெதுவாக அந்தக் கெப்பின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனேன். நீலமாக ஒரு பொறி இரும்புக்குத் தாவியது. இன்னொன்று தாவியது. கண்ணால் பார்த்தேன். அந்தப் பொறிகளின் வேகத்துக்கு வசந்தி தலையை லேசாக அசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது கேட்கிறது.

கெப்பின் பின்பக்கத்தில் தலைமயிர் அளவு வெடிப்பு. ஈரம் ஏறினால் ப்ளக்குக்குப் போகும் மின்சாரத்தில் கொஞ்சம் அந்த வெடிப்பு வழியாக வெளியே தாவும். தாவும் ஒவ்வொன்றும் மீட்டரைக் குழப்பி முள்ளை எறியும். சத்தம் காற்றில்தான் வரும், இரும்பு வழியாக வராது. அதனால் ஸ்குரூ ட்ரைவரும் சொல்லவில்லை. வயருக்கும் குற்றமில்லை, மீட்டருக்கும் குற்றமில்லை.

பழைய பெட்டியில் கிடந்த ஒரு நல்ல கெப்பை எடுத்துப் பூட்டினேன். இரண்டு நிமிட வேலை. முள் ஆயிரத்து இருநூறில் நின்றது. தண்ணீரைத் தெளித்தேன். அசையவில்லை.

## சொன்னதும் சொல்லாததும்

நானா முள்ளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"அண்டைக்கே எங்கட மகள் சொன்னா தானே பாஸ், டிக் டிக்னு?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. முன்னால் நின்றவர், காது மந்தம் என்று தன் வாயாலேயே ஊருக்குச் சொல்கிற மனிதர்.

"அன்னைக்கி இது இருக்கல நானா" என்றேன். "பெறகு மழைக்கு வெடிச்சிருக்கு."

"அப்ப அவ வேற எதயோ கேட்டிரிக்கா." போனை எடுத்து அங்கேயே மகளுக்கு அழைத்தார். காது மந்தமானவர்கள் பேசுவது மாதிரி உரத்த குரலில் பேசினார். "பாஸ்ட்ட கேட்டேன் மகள். நீ கேட்ட சத்தம் இது இல்லயாம். ஆ? இல்ல, இல்ல. அவருட காது பிழையா கேக்காது."

வசந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் துடைக்கத் துணி தேடினேன். துணி என் தோளில் இருந்தது.

அன்று மாலை வீட்டில், அவள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. திடீரென்று தண்ணீரை மூடிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தபடி நின்றாள். ஏதோ கேட்டிருக்கிறாள் என்று விளங்கியது.

"என்ன கேட்ட?"

"மூணு தடவ கூப்புட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "எத்தன நாளா இப்பிடி மறைக்கிறீங்க?"

அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒவ்வொரு சத்தத்துக்கும் விரலை லேசாக அசைத்தாள். நான் விரலைப் பார்த்து அமுக்கினேன். நாலைந்து தடவைக்குப் பிறகு அவள் எழுந்து வந்து என் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

சுவரைப் பார்த்தபடி பொத்தானைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வெகுநேரம் நான் எதையும் அமுக்கவில்லை.

இரண்டு காதிலும் மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, திரும்பி வராது என்றார் டாக்டர். காதுக்கு மிஷின் வைத்தால் ஆட்கள் பேசுவது கொஞ்சம் தெளியும். இன்ஜின் சத்தத்துக்குள் இன்னொரு சத்தத்தைப் பிரிக்க அது உதவாது. இதைச் சொல்லும்போது அவர் என் கைகளைப் பார்த்தார். கிரீஸ் போகாத நகங்களை நான் மேசைக்குக் கீழே மறைத்தேன்.

## சத்தமாக

இரண்டு கிழமை கழித்து நானா இன்னொரு வண்டியில் வந்தார்.

"மச்சானுட வண்டி பாஸ். ஒரு சத்தம் வருதாம், வேற எடத்துல காட்டி வெளங்கல்ல. நான்தான் சொன்னேன், எங்கட பாஸ் கேட்டா போதும்னு. கேளுங்க."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் பழக்கப்படி குனிந்து, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன். உள்ளே சில்வண்டு. கண்ணைத் திறந்தபோது நானா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் காதுக்குப் பதிலாக என் காதை வைத்திருக்கும் மனிதரின் பார்வை.

டெப்பட் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. மச்சானின் வண்டியில் அந்தச் சத்தம் எதுவாக இருக்கும்? பிரேக்காக இருந்தால்? பன்வில இறக்கம் கண்ணுக்குள் வந்தது.

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினேன். தரையைப் பார்த்தபடி, "எனக்கும் கேக்காது நானா" என்றேன்.

"ஆ?" காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "என்ன பாஸ் சொன்னீங்க?"

அவருக்கு விழவில்லை. அந்த ஒரு வசனத்தைச் சொல்ல நாலைந்து வருடம் எடுத்திருந்தேன். இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அவருக்கு விழ வேண்டுமானால் உரத்துச் சொல்ல வேண்டும். வாசலில் மூன்று திரீவீலர்கள் நின்றன. எதிரே தேநீர்க் கடையில் ஆட்கள் இருந்தார்கள். என் வாழ்க்கையில் நான் அந்த வீதியில் யாரையும் கத்திக் கூப்பிட்டதுகூட இல்லை.

"எனக்குக் காது கேக்காது நானா" என்று கத்தினேன்.

திரீவீலர்காரர் ஒருவர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார். தேநீர்க் கடையில் பேச்சு நின்றது. அது நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

நானா காதிலிருந்து கையை எடுத்தார். "எப்ப இருந்து?"

"நாலஞ்சு வருசமா."

"அப்ப எங்கட மகள் கேட்ட சத்தம்?"

"இருந்துச்சு நானா. முதல் நாளே இருந்துச்சு. மீட்டரையும் நான்தான் ஒடச்சேன்."

இதையும் கத்தித்தான் சொன்னேன்.

அவர் வண்டியின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். "சொல்லியிருக்கலாமே பாஸ்" என்றார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. மகள்கிட்ட நான் என்ன சொன்னேன்." என் தோளில் ஒரு தடவை கையை வைத்தார். "மச்சான்ட வண்டிய நான் வேற எங்கயாச்சும் காட்டுறேன். மனசுல வச்சிக்க வேணாம்."

வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போனார். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு கேட்டுச் சொல்லுங்கள் என்று யாரும் வரவில்லை. பல்பு மாற்றவும், ஒயில் மாற்றவும், டியூப் ஒட்டவும் வருகிறார்கள். வாயைப் பெரிதாகத் திறந்து மெதுவாகப் பேசுகிறார்கள். வசந்தி ஆஸ்பத்திரியில் காது மிஷினுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். வரும் என்கிறார்கள்.

முந்தாநாள் ஒருவர் ஹோர்ன் மாற்ற வந்தார். புது ஹோர்னைப் பூட்டி, வயர் கொடுத்து, இரண்டு நட்டையும் இறுக்கிவிட்டு விலகி நின்றேன். அவர் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். எனக்குக் கேட்டது, நல்ல சத்தம்தான். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் என்னைத் தாண்டி எதிர்ப்பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரைப் பார்த்து, "எப்பிடி அண்ணே, சத்தம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.